கையால ரெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கிறது எப்பிடி: வன்னி வெக்கைக்கும் புழுதிக்கும் ஏத்த முழு வழிகாட்டி

ஆறு இஞ்சிக் கண்ணாடி வட்டம் ஒண்டை இன்னொரு வட்டத்துக்கு மேல வைச்சு, நடுவில தூளும் தண்ணியும் விட்டு, கையால தேய்ச்சுக்கொண்டே போனா கடைசியில சனியின்ர வளையத்தைக் காட்டுற கண்ணாடி ஒண்டு கையில கிடைக்கும். மெசின் வேண்டாம், கறண்ட் கூட வேண்டாம். நான் கிளிநொச்சிப் பக்கம் எங்கட வளவுக்க இருக்கிற ஒரு கொட்டிலில வைச்சுத்தான் செய்து முடிச்சனான், விடியக்காலமையிலயும் பொழுதுபட்ட பிறகும் மட்டும் தேய்ச்சு நாலு மாதம் எடுத்தது. வெளிநாட்டுக்காரர் எழுதின முறையைப் பாத்துத்தான் நானும் தொடங்கினனான், ஆனா அவை எழுதுறது குளிர் நாட்டில வீட்டுக்குக் கீழ இருக்கிற அறையில தேய்க்கிற ஆக்களுக்கு. எங்கட 33, 34 பாகை வெக்கையிலயும் சோளகப் (தென்மேற்குக் காத்து) புழுதியிலயும் அதை அப்பிடியே செய்தா ரெண்டு இடத்தில கட்டாயம் பிழைக்கும். ரெண்டு இடத்திலயும் எனக்குப் பிழைச்சது, அதால அந்த ரெண்டையும் நீளமா எழுதுறன், மிச்சத்தைக் கெதியாச் சொல்லிக்கொண்டு போறன்.

முதல்ல ஒரு தைரியம். 1781 மார்ச் 13 அண்டைக்கு வில்லியம் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடிச்சது தானே கையால தேய்ச்ச 6.2 இஞ்சி உலோக ஆடியால, நாங்கள் செய்யப்போறதும் கிட்டத்தட்ட அதே சைஸ். அவர் பொலிஷ் பண்ணேக்க கை எடுக்க ஏலாமல் மணித்தியாலக் கணக்கா நிண்டிருக்கிறார், தங்கச்சி கரோலின் சாப்பாட்டைத் துண்டு துண்டா வாயில வைச்சு விட்டிருக்கிறா. பேந்து எங்கட காலத்துக்குக் கிட்ட ஜோன் டொப்சன் எண்டு ஒருத்தர், அமெரிக்காவில ராமகிருஷ்ண மடத்துத் துறவியா இருந்தவர், கப்பல் ஜன்னல் கண்ணாடியை எடுத்துத் தேய்ச்சு ரெலஸ்கோப் செய்து தெருவில வைச்சுச் சனத்துக்குக் காட்டினவர். மடத்தை விட்டு அவரை அனுப்பினதே உந்தக் கண்ணாடி வேலையாலதான். அவர் கண்டுபிடிச்ச மரப்பெட்டி ஸ்ராண்டைத்தான் இண்டைக்கும் எல்லாரும் செய்யினம்.

கையால தேய்ச்சு எப்பிடி இவ்வளவு துல்லியம் வருது?

ஆட்டுக்கல்லை யோசிச்சுப் பாருங்கோ. குழவியும் கல்லுக்குழியும் வருசக்கணக்காத் தேஞ்சு தேஞ்சு ஒண்டுக்கொண்டு பொருந்திப் போயிருக்கும், ஆரும் அளந்து செய்யேல்லை. ரெண்டு பரப்பை எல்லாப் பக்கமும் மாறி மாறி உரசினா, எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்திற வடிவம் உருண்டையின்ர ஒரு துண்டு மட்டும்தான், அதால மேல இருக்கிறது குழிஞ்சும் கீழ இருக்கிறது குவிஞ்சும் தானா உருண்டை வடிவத்துக்கு வரும். மேல இருக்கிற கண்ணாடி விளிம்பால வெளியில போய்ப் போய் வரேக்க அதின்ர நடுவும் கீழ்க்கட்டையின்ர ஓரமும் கூடத் தேயும், குழி விழுகிற காரணம் அதுதான். நீங்கள் செய்ய வேண்டியது ஒண்டுதான், ஒரே பக்கமாத் தேய்க்காமல் இருக்கிறது. கை நடுங்குது எனக்கு ஏலாது எண்டு நினைக்கிறவையும் செய்யலாம், ஒரே சீரில்லாத கைதான் இதுக்கு நல்லது.

சைஸ்

முதல் கண்ணாடிக்கு 6 இஞ்சி, அதாவது 150 மில்லிமீற்றர் விட்டம், குவியத்தூரம், அதாவது கண்ணாடியில பட்டுத் திரும்பிற தூரத்து வெளிச்சம் ஒரு புள்ளியில கூடுற தூரம், 1200 மில்லிமீற்றர் எண்டு வையுங்கோ. குழியின்ர வளைவு ஆரை அதின்ர ரெண்டு மடங்கு, 2400. நடுவில வேண்டிய ஆழத்துக்குக் கணக்கு லேசு: பாதி விட்டத்தை அதாலயே பெருக்கி, வளைவு ஆரையின்ர ரெண்டு மடங்கால பிரியுங்கோ. 75 தர 75, அதை 4800 ஆல பிரிச்சா 1.17 மில்லிமீற்றர். நாலு மாத வேலைக்கு ஒண்டே கால் மில்லிமீற்றர் கூட இல்லை.

குவியத்தூரத்தை 1500 ஆக்கினா ஆழம் 0.94 தான் வேணும், இன்னொரு நன்மையும் இருக்கு. ரெலஸ்கோப் கண்ணாடி உண்மையில உருண்டைத் துண்டா இருக்கக்கூடாது, பரவளைவா, அதாவது உருண்டையை விட நடு சாடையாக் கூடக் குழிஞ்ச வடிவமா இருக்கோணும். ஆனா 6 இஞ்சியில 1500 குவியத்தூரம் எண்டா உருண்டையா விட்டாலே பிழை ஒரு ஒளியலையின்ர ஏழில ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும், கண்ணுக்குத் தெரியாது. 1200 இல விட்டா கால்வாசி அலை, அது எல்லைக்கோடு. அதால பரவளைவு வேலைக்குப் பயப்பிடுற ஆக்கள் 1500 க்குப் போங்கோ, குழாய் ஒரு அடி நீளும், அவ்வளவுதான்.

கண்ணாடி

19 மில்லிமீற்றர் தடிச்ச சாதாரண கண்ணாடி காணும். வவுனியாவில கண்ணாடிக் கடையளில கேட்டா அநேகமா 10, 12 மில்லிமீற்றர்தான் இருக்கும், மேசைக்குப் போடுறது. 12 இல 6 இஞ்சி செய்யாதேங்கோ, கையின்ர அமத்தலுக்கே வளையும், 4 இஞ்சிக்கு எண்டா பரவாயில்லை. தடிச்சது கிடைக்காட்டி வெட்டின வட்டமா, பைரெக்ஸ் வகைக் கண்ணாடியில, வெளியில இருந்து எடுப்பிக்கலாம். பைரெக்ஸ் சூட்டுக்கு விரியிறது சாதாரண கண்ணாடியில மூண்டில ஒரு பங்குதான், எங்கட வெக்கைக்கு அது நல்லது, ஆனா கட்டாயம் இல்லை.

ரெம்பர் பண்ணின, அதாவது சூடாக்கிக் கெதியா ஆறவைச்சுப் பலமாக்கின கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளுக்க இழுவிசை இருக்கும், வெட்டப்போனாத் தூள் தூளா வெடிக்கும். கடைக்கார அண்ணைக்கே சில நேரம் தெரியாது, அதால நீங்களே பாருங்கோ: போன் ஸ்கிரீனை வெள்ளையா வைச்சு அதுக்கு முன்னால கண்ணாடியைப் பிடிச்சு, போலரொய்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைச் சரிச்சுப் பாத்தா இழுவிசை இருக்கிற கண்ணாடியில கோடும் புள்ளியும் மேகம் மாதிரியும் தெரியும். சுத்தமாத் தெரிஞ்சாத்தான் வாங்குங்கோ.

வாங்கின உடன சாணைக்கல்லில தண்ணி விட்டு விளிம்பைச் சரிவாச் சீவுங்கோ, ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு. விளிம்பு கூராக் கிடந்தாச் சில்லு தெறிக்கும், அந்தச் சில்லு நடுவுக்கு ஓடினா முடிஞ்சுது கதை. தேய்க்கத் தேய்க்க இந்தச் சரிவு குறைஞ்சுகொண்டு வரும், பாத்துப் பாத்துத் திரும்பச் சீவோணும்.

கீழ்க்கட்டை

இதுக்கு ரெண்டாவது கண்ணாடி வேண்டியதில்லை. சீமெந்தில 6 இஞ்சி வட்டம் ஒண்டு ஒரு இஞ்சித் தடிப்பில வாத்து, ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு இறுக விட்டு, காஞ்ச பிறகு எபொக்சியால நிலத்துக்குப் போடுற ரைல்ஸை ஒரு இஞ்சிச் சதுரமா வெட்டி ஒட்டுங்கோ. பளபளப்புப் பக்கம் கீழ, கரடுப் பக்கம் மேல. துண்டுகளுக்கு நடுவில நாலைஞ்சு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கோ, சரியா நடுவில ஒரு துண்டின்ர நடு வராமல் சாடையாத் தள்ளி ஒட்டுங்கோ, இல்லாட்டி கண்ணாடியில வளையம் வளையமா விழும். சீமெந்து தெரியிற இடமெல்லாம் வார்னிஷ் அடிச்சு மூடோணும். மூடாட்டி சீமெந்துக்க இருக்கிற மணல் ஒவ்வொண்டாக் கழண்டு வரும். பொலிஷுக்கு ரைல்ஸ் ஒட்டாத இன்னொரு சீமெந்து வட்டமும் வேணும், ரெண்டையும் ஒரே நாளில வாத்து வையுங்கோ.

தூள்

சிலிக்கன் காபைட் 80, 120, 220 (இந்த இலக்கம் கூடக் கூடத் தூள் நுணுக்கம்), பிறகு அலுமினியம் ஒக்சைட் 25, 12, 5 மைக்ரோன், கடைசியில பொலிஷுக்குச் சீரியம் ஒக்சைட். 80 இல ஒரு அரைக்கிலோ எடுங்கோ, 120 உம் 220 உம் நூறு நூற்றைம்பது கிராம், மற்றதுகள் அம்பது அம்பது கிராம் காணும், சீரியம் நூறு. ஒவ்வொண்டையும் வேற வேற போத்திலில போட்டு, வேற வேற நாளில திறந்து நிரப்புங்கோ. காஞ்ச தூளை மூச்சில இழுக்கக்கூடாது, நிரப்பேக்க மாஸ்க் போடுங்கோ, தேய்க்கேக்க எப்பவும் ஈரமா இருக்கோணும்.

பரல்

இடுப்புயரத்துக்கு ஒரு பழைய எண்ணெய்ப் பரல் எடுத்து மணல் நிரப்பி, மேல பலகை அடிச்சு, கீழ்க்கட்டையை மூண்டு மரக்கட்டையால அசையாமல் பிடிச்சு வையுங்கோ. பரலைச் சுத்தி நடக்க இடம் வேணும். மேசையில வைச்சு ஒரே பக்கம் நிண்டு தேய்க்கக்கூடாது, ஏனெண்டு மேல ஆட்டுக்கல்லில சொல்லிப்போட்டன்.

80 இல குழி தோண்டுறது

அரைத்தேக்கரண்டித் தூளைக் கட்டையில தூவி, தண்ணி தெளிச்சு, கண்ணாடியை மேல வையுங்கோ. ரெண்டு கையாலயும் அமத்தி, கண்ணாடியின்ர நடு கட்டையின்ர ஓரத்துக்குக் கிட்டப் போற மாதிரி முன்னும் பின்னும் தள்ளுங்கோ. அஞ்சாறு தள்ளலுக்கு ஒருக்கா கண்ணாடியைக் கையுக்க கொஞ்சம் திருப்புங்கோ, அதே நேரம் பரலைச் சுத்தி ஒரு அடி நகருங்கோ. முதல்ல ஆட்டுக்கல்லில ஊறாத அரிசியைப் போட்ட மாதிரிக் கரகரவெண்டு சத்தம் வரும், ரெண்டு மூண்டு நிமிசத்தில சத்தம் அடங்கிச் சாம்பல் நிறச் சேறாகும். தூள் உடைஞ்சுபோச்சுது எண்டு அர்த்தம், புதுசாப் போடுங்கோ. நாலைஞ்சு தரத்துக்கு ஒருக்காச் சேத்தைக் கழுவி விடுங்கோ.

ஆழம் பாக்கிறதுக்கு இரும்பு அடிமட்டத்தைக் கண்ணாடிக்குக் குறுக்க நிமித்தி வைச்சு, நடுவில 1.2 மில்லிமீற்றர் துளைபோடுற பிற்றை விட்டுப் பாருங்கோ. போக மறுத்து மறுத்துக் கடைசியில உரசிக்கொண்டு போகப்பாக்கிற நேரம் கரடு வேலை முடியுது. இன்னொரு வழி எங்கட ஊருக்கெண்டே இருக்கிற வழி: கண்ணாடியை நனைச்சு வெயிலில பிடிச்சு, நிழலில இருக்கிற சுவரில சூரியனின்ர வெளிச்ச வட்டம் ஆகச் சின்னனா விழுகிற இடத்தைக் கண்டுபிடிச்சு, கண்ணாடியில இருந்து சுவருக்கு அளவுநாடா போடுங்கோ. அதுதான் குவியத்தூரம். தண்ணி காயமுதல் பாக்கோணும், ரெண்டு பேர் வேணும். நான் கண்ணாடி பிடிக்க தங்கச்சியின்ர மகன் நாடா பிடிச்சான், முதல் நாள் நாலு மீற்றர் தாண்டிக் கோழிக்கூட்டுக்க போய் நிண்டான், பத்து நாளில 1300 க்கு வந்திட்டுது. 1250 அளவில நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை அடுத்த தூள்கள் எடுக்கும்.

அதுக்குப் பிறகு தள்ளலை மாத்தோணும். இனி நடுவுக்கு மேலால நேராப் போய் வாற தள்ளல், நீளம் விட்டத்தில மூண்டில ஒரு பங்கு. மெல்லமா, பெரிய அமத்தல் இல்லாமல். குழி தோண்டின முரட்டு வடிவம் இதிலதான் உருண்டையாகும். பென்சிலால கண்ணாடியில குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ, எல்லாக் கோடும் ஒரே நேரத்தில அழிஞ்சாப் பொருந்தீட்டுது. நடுக்கோடு மிஞ்சி நிண்டா இன்னும் தேய்க்கோணும். ஆழம் கூடிப்போச்சுதெண்டாப் பயப்பிடாதேங்கோ, கட்டையை மேலயும் கண்ணாடியைக் கீழயும் பிரட்டி வைச்சுத் தேய்ச்சா ஆழம் குறையும்.

துப்பரவு, என்ர முதல் பிழை

120, 220, 25, 12, 5 எண்டு போறதெல்லாம் ஒரே வேலைதான், ஒவ்வொண்டும் ஒண்டு ரெண்டு மணித்தியாலம். முந்தின தூள் விட்ட குழிகளை இந்தத் தூள் அழிக்கோணும், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியால, இல்லாட்டி பைனாகுலரைத் தலைகீழாப் பிடிச்சுப் பாத்து, பெரிய புள்ளி ஒண்டும் மிச்சமில்லை எண்டாத்தான் அடுத்ததுக்குப் போறது. ஓரத்தைக் கட்டாயம் பாருங்கோ, கடைசியா அழியிறது அங்கதான்.

ஆனா ஒரு தூளில இருந்து அடுத்ததுக்கு மாறுற அந்த ஒரு மணித்தியாலம் இருக்கே, அதுதான் முழு வேலையிலயும் பெரிசு. நான் 5 மைக்ரோனில நிண்டனான், ஆடி மாதம், சோளகம் நல்லா அடிக்குது. கொட்டிலுக்குத் தறப்பாள் மறைப்புக் கட்டித்தான் இருந்தது, ஆனா கீழால ஒரு சாண் திறந்து கிடந்தது. தேய்ச்சுக்கொண்டு போகேக்க கை விரலுக்க ஒரு கிறீச். அவ்வளவுதான் சத்தம், கோழி ஒண்டு கொறிச்ச மாதிரி. கண்ணாடியைத் தூக்கிக் கழுவி வெளிச்சத்தில பிடிச்சா ஓரத்தில இருந்து நடுவரைக்கும் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. நகத்தால தடவினா நகம் மாட்டுது. செம்மண் புழுதியோட வந்த ஒரு மணல்தான். அந்தக் கோட்டை எடுக்க நான் 220 க்குத் திரும்பிப் போனனான், மூண்டு கிழமை வேலை திரும்பவும்.

அதுக்குப் பிறகு நான் வைச்சுக்கொண்ட முறை இதுதான். தூள் மாத்துற நாளில வேற தேய்ப்பு இல்லை. பரல், பலகை, கட்டை, ரைல்ஸ் இடைவெளி எல்லாம் பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ்ஷால சவர்க்காரம் போட்டுக் கழுவி ஊத்துறது, கிணத்தடியில இல்லை, கிணத்தடி மணல். வாளி, துணி, பிரஷ் எல்லாம் தூளுக்குத் தூள் வேற. நகத்தை ஒட்ட வெட்டி, குளிச்சு, வேற சாரம் மாத்திக்கொண்டு போறது, பழைய சாரத்தின்ர மடிப்புக்க 80 ஒளிச்சிருக்கும். கொட்டில் நிலத்துக்குத் தண்ணி தெளிச்சு ஈரமாக்கி வைக்கிறது. 25 க்குக் கீழ போனாப் பிறகு கிணத்துத் தண்ணியை நேர பாவிக்கிறதில்லை, எங்கட கிணறுகளில சுண்ணாம்பும் நுண்மணலும் கூட, கொதிக்க வைச்சு ஒரு நாள் அடைய விட்டு மேல் தண்ணியை நாலா மடிச்ச வேட்டித் துணியால வடிச்சு எடுக்கிறது. வாடைக்காலத்தில செய்யிறவை பெரிய மழையில நேரடியாப் பிடிச்ச தண்ணியையே வடிச்சு எடுக்கலாம். உண்மையைச் சொன்னா ஐப்பசி, கார்த்திகை மழைதான் நுண்தூள் வேலைக்கு நல்ல காலம், புழுதி அடங்கிக் கிடக்கும். கரடு வேலையைச் சோளகத்திலயும் நுண்வேலையை மழையிலயும் வைச்சுக்கொள்ளுங்கோ.

நுண்தூளில இன்னொண்டு, தண்ணி வத்த விட்டாக் கண்ணாடியும் கட்டையும் ஒட்டிப் பிடிக்கும். இழுத்துப் பறிக்கப்பாக்காதேங்கோ. ரெண்டையும் அப்பிடியே இளஞ்சூட்டுத் தண்ணிக்க வைச்சுக் கொஞ்ச நேரத்தால மரத்துண்டு ஒண்டால பக்கவாட்டில மெதுவாத் தட்டுங்கோ, வழுக்கிக்கொண்டு வரும்.

பிச், என்ர ரெண்டாவது பிழை

5 மைக்ரோன் முடிஞ்சாக் கண்ணாடி பால் வெள்ளையா, ஆனாச் சரிச்சுப் பிடிச்சா ஜன்னல் தெரியிற மாதிரி இருக்கும். இனிப் பொலிஷ். இதுக்குக் கட்டையில பிச் ஊத்தோணும், பிச் எண்டது தார் மாதிரி ஒரு சாமான், தட்டினா உடையும் ஆனா ஆறுதலா அமத்தினா ஓடும். அந்த ஓட்டம்தான் அதைக் கண்ணாடியோட ஒட்டிப் பொருந்த வைக்குது, பொலிஷ் தூளைத் தன்ர முகத்தில பிடிச்சு வைச்சிருக்கிறதும் அதுதான்.

வாங்கேக்க இருக்கிறதில இறுகின வகையைக் கேளுங்கோ. 20 பாகைக்கு எழுதின பிச் எங்கட ஊரில வெல்லப்பாகு. நானே செய்யிறன் எண்டா ரோசினை (பைன் மரப் பிசின்) உருக்கி ஆமணக்கெண்ணெய் சொட்டுச் சொட்டா விடலாம், ஒரு துளி எடுத்துத் தண்ணிக்க போட்டு, நீங்கள் பொலிஷ் பண்ணப்போற நேரத்து வெக்கையில பெருவிரல் நகத்தால ஊண்டிப் பாருங்கோ. உடன நகம் இறங்கினாப் பிழை, கூட மெதுமை. கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சாத் தடம் விழுகிறது சரி. இறங்காமல் சில்லாத் தெறிச்சா இன்னும் ஒரு துளி எண்ணெய். உருக்கிறது விறகு நெருப்பில நேர வேண்டாம், அதின்ர ஆவி பத்தும். நான் கச்சான் வறுக்கிற மாதிரிச் சட்டியில மணல் போட்டு, அதுக்க பேணியைப் புதைச்சு, தணல்ல மட்டும் வைச்சு உருக்கினனான், வீட்டுக்கு வெளியில, கிடுகுக் கூரைக்குத் தூர.

கட்டையைச் சுத்தித் தடிச்ச பேப்பர் கட்டி எட்டு மில்லிமீற்றர் உயரத்துக்கு ஊத்துங்கோ. தேன் மாதிரித் தடிக்கேக்க, கண்ணாடிக்குச் சவர்க்காரத் தண்ணியும் சீரியமும் பூசி மேல வைச்சு அமத்துங்கோ, கண்ணாடியின்ர வளைவு பிச்சில பதியும். பிச் ஆறினாப் பிறகு ஈரக் கத்தியால ஒரு இஞ்சிக் கட்டம் கட்டமா வாய்க்கால் வெட்டுங்கோ, இதுவும் நடுவில இருந்து தள்ளித்தான். கடைசியில மாமி ஒரு பழைய நுளம்பு வலைத்துண்டு தந்தவ, அதைப் பிச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில வைச்சு அரைமணித்தியாலம் பாரம் ஏத்தினாச் சின்னச் சின்னக் கட்டம் விழும், பொலிஷ் தூள் தங்கி நிக்க அது நல்லது.

சீரியத்தைத் தண்ணியில கரைச்சாப் பால்விட்ட தேத்தண்ணி நிறம் வரும், தடிப்பும் அவ்வளவுதான் இருக்கோணும். நடுவுக்கு மேலால மூண்டில ஒரு பங்குத் தள்ளல், நடந்துகொண்டு, திருப்பிக்கொண்டு. சரியாப் பொருந்தினாக் கை இழுவையில தெரியும், பட்டுத்துணி ஈரத்தில இழுபடுற மாதிரி ஒரே சீரான பாரம். திடீரெண்டு வழுக்கினா, இல்லாட்டி ஒரு பக்கம் மாட்டினா நிப்பாட்டி, பாரம் வைச்சுத் திரும்ப அமத்துங்கோ.

இப்ப பிழைக்கு வாறன். எனக்கு லீவு கிடைச்ச ஒரு கிழமை, பகல் ரெண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழ நிண்டு பொலிஷ் பண்ணினனான், கெதியா முடிக்கோணும் எண்டு. ஒரு மணித்தியாலத்தில வாய்க்கால் எல்லாம் மூடிப் பிச் வெளிய பிதுங்கி நிண்டது, நான் அதைச் சீவிச் சீவித் தொடர்ந்தனான். பளபளப்பு வந்திட்டுது, பாக்க வடிவா இருந்தது. ரெஸ்ற் பண்ணேக்கதான் தெரிஞ்சது ஓரம் முழுக்கக் கீழ சரிஞ்சு போச்சுது எண்டு. மெதுமையான பிச்சுக்க கண்ணாடி தாண்டு, விளிம்பில பிச் எழும்பி நிண்டு அங்கதான் கூட அரிச்சிருக்கு. ஓரம் சரிஞ்ச கண்ணாடியால பாத்தா ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுத்தியும் புகை மாதிரி ஒரு கலங்கல் நிக்கும். சரிஞ்ச ஓரத்தைப் பொலிஷால எடுக்கிறது பெரும்பாடு, நான் 5 மைக்ரோனுக்கே திரும்பிப் போனனான்.

அதால விடிய அஞ்சுமணிக்குத் தொடங்கி எட்டரைக்குக் கட்டாயம் நிப்பாட்டுங்கோ. மார்கழி, தை எண்டா ஒன்பதரை வரைக்கும் போகலாம். ஒவ்வொரு நாளும் தொடங்கமுதல் கால்மணித்தியாலம் பாரம் வைச்சு அமத்துறது, வாய்க்கால் சாடையாக் குறுகினாலே வெட்டி விடுறது. 6 இஞ்சிக்கு எட்டுப் பத்து மணித்தியாலத்தில பொலிஷ் முடியும். முடிஞ்சதோ எண்டு பாக்க இருட்டில ரோச்சைக் கண்ணாடிக்கு மேல சரிச்சு அடியுங்கோ, வெளிச்சம் விழுகிற இடத்தில சாம்பல் பூத்த மாதிரித் தெரிஞ்சா இன்னும் குழி இருக்கு.

ஃபூக்கோ ரெஸ்ற்

லெயோன் ஃபூக்கோ 1858 இல சொன்ன முறை, இண்டைக்கும் இதுக்கு மேல லேசான முறை இல்லை. வேண்டியது ஒரு எல்ஈடி, ரெண்டு சவரபிளேட்டை மயிரிழை இடைவெளியில ஒட்டி வெட்டின ஒரு கீறு, கத்தியா இன்னொரு சவரபிளேட். கண்ணாடியை நிமித்தி வைச்சு, சரியா 2400 மில்லிமீற்றர் தூரத்தில கீறையும் பிளேட்டையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. கீறால போன வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்து பிளேட் இருக்கிற இடத்தில ஒரு புள்ளியாக் கூடும். பிளேட்டுக்குப் பின்னால கண்ணை வைச்சாக் கண்ணாடி முழுக்க நிலவு மாதிரி வெளிக்கும். இப்ப பிளேட்டை மெல்ல உள்ளுக்க தள்ளுங்கோ.

பிளேட் கண்ணாடிக்குக் கிட்ட நிண்டா நிழல் பிளேட் வாற பக்கத்தில இருந்தே வரும், தூர நிண்டா எதிர்ப்பக்கத்தில இருந்து வரும். சரியான இடத்தில எண்டா முழுக் கண்ணாடியும் ஒரே நேரத்தில மங்கும். அப்பிடி ஒரே சீரா மங்கினா உங்கட கையில இருக்கிறது உண்மையான உருண்டைத் துண்டு. நடுவில மேடோ பள்ளமோ இருந்தா, பக்கத்தில இருந்து வெளிச்சம் அடிச்ச நிலம் மாதிரி அப்பிடியே எழும்பித் தெரியும். நாங்கள் பாக்கிற அளவு 0.07 மைக்ரோன், தலைமயிர்த் தடிப்பில ஆயிரத்தில ஒரு பங்கு. சந்தேகம் இருந்தா விரலைக் கண்ணாடியில பத்து எண்ணும் வரைக்கும் வைச்சு எடுத்துப் பாருங்கோ, விரல் சூட்டில கண்ணாடி வீங்கின இடம் ஒரு புடைப்பா நிக்கிறது தெரியும், கொஞ்ச நேரத்தால கரையும். எனக்கு இந்த முழு வேலையிலயும் மறக்க ஏலாத காட்சி அதுதான்.

அதே காரணத்தால பொலிஷ் பண்ணின கையோட ரெஸ்ற் பண்ணக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆற விடுங்கோ. ஃபான் போடக்கூடாது, தகரக் கூரைக்குக் கீழ பகலில பாத்தாச் சூடான காத்து ஆத்துத் தண்ணி மாதிரி ஓடுறதுதான் தெரியும். இரவு ரெண்டு மூண்டு மணிக்குக் கதவைச் சாத்திப்போட்டுப் பாருங்கோ.

1200 குவியத்தூரக்காரர் இதுக்கு மேல பரவளைவு ஆக்கோணும். பிச்சுக்கு மேல கண்ணாடியை W எழுதுற மாதிரிப் பக்கவாட்டிலயும் அகலமாத் தள்ளினா நடு கொஞ்சம் கூடக் குழியும். அஞ்சு நிமிசம் தேய்ச்சு, ஆற விட்டு, ரெஸ்ற். அதுக்கு மேல ஒரேயடியாத் தேய்க்காதேங்கோ. கீறு அசையாமல் பிளேட் மட்டும் நகருற மாதிரி வைச்சா, நடு மங்குற இடத்துக்கும் ஓரம் மங்குற இடத்துக்கும் 2.34 மில்லிமீற்றர் வித்தியாசம் வரோணும். கீறும் பிளேட்டும் சேந்து நகர்ந்தா அதில பாதி, 1.17. அளக்கிறதுக்கு ஹாட்வெயார் கடையில எம்6 புரிக்கம்பி வாங்குங்கோ, ஒரு சுத்துக்குச் சரியா ஒரு மில்லிமீற்றர் நகரும், கால் சுத்துக் கால் மில்லிமீற்றர்.

நிலவு, பூச்சு, குழாய்

பூச்சுப் போடமுதலே ஒரு நாள் வானத்தைப் பாருங்கோ. பூசாத கண்ணாடி வெளிச்சத்தில நூற்றுக்கு நாலு பங்குதான் திருப்பும், ஆனா நிலவுக்கு அது தாராளம். நான் குழாய்க்குப் பதிலாப் பலகை ஒண்டில கண்ணாடியையும், வெளிச்சத்தைப் பக்கத்துக்குத் திருப்பிற சின்ன ஆடியையும், கண் வைச்சுப் பாக்கிற வில்லையான ஐபீஸையும் கட்டி, முத்தத்தில கதிரைக்கு மேல சாத்தி வைச்சுத்தான் பாத்தனான். எட்டாம் பிறை. மருமகன்தான் முதல்ல கண்ணை வைச்சவன், கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பேந்து, "மாமா, ஓரத்தில கிடங்குகளுக்கு நிழல் விழுது" எண்டான். கறண்ட் இல்லாத வருசங்களில வளர்ந்த எங்களுக்கு நிலவு எண்டாப் பாதை காட்டுற வெளிச்சம், அதுக்குக் கிடங்கும் நிழலும் இருக்கிறதை நான் தேய்ச்ச கண்ணாடியில பாத்தது அண்டைக்குத்தான்.

பூச்சு அலுமினியம், வெற்றிடக் கூண்டுக்க வைச்சு ஆவியாக்கிப் போடுறது, வீட்டில ஏலாது, செய்யிற இடத்துக்குப் பாதுகாப்பாச் சுத்தி அனுப்போணும். வெள்ளிப் பூச்சு வீட்டில செய்யலாம், ஃபூக்கோ காலத்தில அதுதான், சில்வர் நைத்திரேற்றும் அமோனியாவும் குளுக்கோசும். ஆனா அந்தக் கலவையை மிச்சம் பிடிச்சு வைச்சா வெடிக்கிற பொருளா மாறும், அதால கெமிஸ்ற்றி ரீச்சர் ஒருத்தர் பக்கத்தில இல்லாமல் தொடாதேங்கோ. பூச்சுப் போட்ட பிறகு கண்ணாடியை மூடாமல் வெயிலில வைக்கவே கூடாது, ஒரு மீற்றர் தள்ளிக் கிடக்கிற கிடுகில நெருப்புப் பிடிக்கும். சூரியனைப் பாக்கிற எண்ணத்தையும் இந்த ரெலஸ்கோப்பில வைக்காதேங்கோ, கண் போனாப் போனதுதான்.

குழாய்க்கு 8 இஞ்சி பீவீசி பைப், ஸ்ராண்டுக்கு டொப்சன்ர மரப்பெட்டி. தச்சனிட்டக் குடுத்தா ரெண்டு நாள் வேலை. மே, ஜூனில பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தால தெற்கில திருப்பினா ஒமேகா சென்ரோரி எண்ட நட்சத்திரக் கூட்டம் எங்களுக்கு 33 பாகை உயரத்துக்கு ஏறும், இங்கிலாந்தில இருந்து பாக்கிற ஆக்களுக்கு அது அடிவானத்துக்கு மேல வாறதே இல்லை. முத்தையன்கட்டுக் குளக்கட்டில வைச்சுப் பாத்தனான், மங்கலான பஞ்சு எண்டு நினைச்சது ஆறு இஞ்சியில மணல் மணலாப் பிரிஞ்சு நிண்டது.

ரைல்ஸ் ஒட்டின கட்டையை எறியாதேங்கோ. அதே சைஸ், அதே குவியத்தூரத்துக்கு அது அப்பிடியே திரும்பப் பாவிக்கலாம், குவிவு ஏற்கனவே வந்திட்டதால அடுத்தவருக்குக் குழி தோண்டுற நேரமும் குறையும். என்ர கட்டை இப்ப முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஆசிரியரிட்ட இருக்கு, அவரின்ர பெடியள் 120 இல நிக்கினம்.